அனுப்பினது நான் இல்லைன்னு நாளைக்குச் சொல்ல முடியாது: குவாண்டம் கையெழுத்து பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குவாண்டம் கீ பத்தி எழுதியிருந்தேன். ரெண்டு பேர் ஃபைபர்ல ஒவ்வொரு ஃபோட்டானா, அதாவது ஒளித் துகளா அனுப்பி, வேற யாருக்கும் தெரியாத ஒரு ரகசிய எண்ணை ரெண்டு பக்கமும் உண்டாக்கிக்கறது, நடுவுல யாராவது எட்டிப் பாத்தா எரர் கூடி காட்டிக் குடுத்துடும், இதுதான் அதோட சாரம். அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே இடத்தைத்தான் சுத்திச் சுத்தி வந்திருக்காங்க: ரகசியம் சரி, கையெழுத்து என்ன ஆச்சு? எனக்கும் இந்த விஷயத்துல ரொம்ப நாளா ஒரு பிடிப்பு உண்டு, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: நான் கூட்டுறவு வங்கி ஒண்ணுல வேலை பாக்கறேன். குவாண்டம் கீயால ரெண்டு பேருக்கும் ஒரே ரகசியம் கிடைச்சிடுச்சுன்னா, அதை வெச்சே மெசேஜ் யார் அனுப்பினதுன்னு கண்டுபிடிச்சிடலாமே? தனியா கையெழுத்துன்னு ஒண்ணு எதுக்கு?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உங்க சீட்ல உக்காந்து யோசிச்சாலே பதில் வந்துடும் மேடம். பல வருஷமா தெரிஞ்ச கஸ்டமர் ஒருத்தர் ஃபோன் பண்ணி, என் டெபாசிட்டை உடைச்சு தம்பி கணக்குல போட்டுடுங்கன்னு சொல்றார்னு வைங்க, குரலைக் கேட்ட அடுத்த நொடியே அவர்தான்னு உங்களுக்குத் தெரியும், துளி சந்தேகம் கிடையாது. ஆனா மறுநாள் அவரே வந்து நான் எங்கேங்க சொன்னேன்னு நின்னா, மேனேஜர்கிட்ட நீங்க எதைக் காட்டுவீங்க? உங்களுக்குத் தெரியும்ங்கறது வேற, அடுத்தவங்களுக்குக் காட்ட முடியும்ங்கறது வேற. அதுக்குத்தானே லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கறோம்.

கீயை வெச்சு மெசேஜுக்கு முத்திரை குத்தறது அந்த ஃபோன் குரல் மாதிரி. 1981ல வெக்மனும் கார்ட்டரும் அதுக்கு ஒரு அருமையான வழி சொன்னாங்க, எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் உடைக்க முடியாத முத்திரை, இன்னிக்கும் குவாண்டம் கீ அமைப்புகள்ல அந்த வழிமுறை ஓடிட்டிருக்கு. அதுல வெளி ஆள் யாரும் மாத்தி எழுத முடியாது. ஆனா கீ ரெண்டு பேர்கிட்டயும் இருக்கே, அப்ப வாங்கினவரே அந்த முத்திரையைத் தயாரிச்சிருக்கலாமே? ஜட்ஜ் முன்னாடி போய் நின்னா அனுப்பினவர் இதைத்தான் சொல்வார், அதை மறுக்க ஒரு வழியும் கிடையாது.

கையெழுத்துன்னா அதுக்கு மூணு குணம் வேணும். வேற ஒருத்தர் என் பேர்ல போட முடியக்கூடாது, போட்டுட்டு நான் இல்லைன்னு சொல்ல முடியக்கூடாது, வாங்கினவர் அதை மூணாவது ஆள்கிட்ட நீட்டினா அவரும் ஒத்துக்கணும். இந்த மூணாவது ஆள் இருக்காரே, அவர் வந்த உடனே கணக்கு மொத்தமும் மாறிடுது. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கற ரகசியத்தால தீர்க்க முடியாத பிரச்சனை இது.

கேள்வி: அப்ப குவாண்டம் டிஜிட்டல் சிக்னேச்சர் நிஜமா எப்படி வேலை செய்யுது? படிச்சுப் பாத்தேன், ஆலிஸ் பாப் சார்லின்னு ஆரம்பிச்சு ரெண்டாவது பத்தியிலேயே புரியாம போயிடுது.
(பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கும் மாணவர்)

பதில்: தம்பி, ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க, எண்களோட போவோம், எண் போட்டா இது பயமே இல்லாத விஷயம். நான் போடற எண்கள் எல்லாம் புரியறதுக்காக எடுத்துக்கிட்டது, நிஜ அமைப்புல இன்னும் பெருசா இருக்கும்.

ஆலிஸ் கையெழுத்து போடறவங்க, பாப் முதல்ல வாங்கறவர், சார்லி பாப்கிட்ட இருந்து வாங்கறவர். அனுப்பப் போற செய்தி ஒரே ஒரு பிட், 0 இல்லேன்னா 1, அதாவது சம்மதம் இல்லேன்னா மறுப்புன்னு வெச்சுக்கோங்க. செய்தி போறதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே தயாரிப்பு நடந்துடுது. ஆலிஸ் பாப்புக்கு ஃபோட்டான் மூலமா 1000 பிட் நீளத்துக்கு ஒரு வரிசை குடுக்கறாங்க, சார்லிக்கு வேற ஒரு 1000 பிட் வரிசை. இது செய்தி 0க்கு. செய்தி 1க்கும் இதே மாதிரி தனியா ஒரு செட். ஆக ஆலிஸ் கையில எல்லாமே இருக்கு, பாப் கையில தன்னோடது, சார்லி கையில தன்னோடது.

இப்ப வர்ற ஸ்டெப்புதான் இந்த முழு விஷயத்தோட உயிர், நிதானமா படிங்க. பாப் தன்னோட 1000 பிட்ல தனக்குத் தோணின 500 இடத்தைப் பொறுக்கி, எந்த இடம், என்ன பிட்டுன்னு சார்லிகிட்ட ரகசியமா குடுத்துடறார், சார்லியும் தன்னோடதுல பாதியை அதே மாதிரி பாப்கிட்ட குடுத்துடறார். ரெண்டு பேருக்கும் நடுவுல ஏற்கனவே குவாண்டம் கீ இருக்கறதால இந்த மாத்திக்கற வேலை ஆலிஸுக்குத் தெரியாம நடக்குது. எந்த பாதி யார் கையில இருக்குன்னு ஆலிஸுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் ஆலிஸ் 0ன்னு செய்தி அனுப்பறாங்க, கூடவே 0க்கான ரெண்டு வரிசையையும் முழுசா இணைச்சு அனுப்பறாங்க, அதுதான் கையெழுத்து. பாப் தன்கிட்ட இருக்கற பிட்டுகளோட ஒப்பிட்டுப் பாக்கறார், தன்கிட்ட மிச்சம் இருந்த 500 ஒரு பக்கம், சார்லி குடுத்த 500 ஒரு பக்கம், ரெண்டையும் தனித்தனியா. ஃபைபர், டிடெக்டர் குறையால கொஞ்சம் எரர் எப்பவுமே இருக்கும், அதனால ஒவ்வொரு பாதியிலயும் 25 தப்பு வரைக்கும் பரவாயில்லைன்னு பாப்புக்கு ஒரு லிமிட். சார்லிக்கு லிமிட் 75. பாப் ஒத்துக்கிட்டதை சார்லிக்கு அனுப்பினா, சார்லி தன்கிட்ட இருக்கற ரெண்டு பாதியோட ஒப்பிட்டுப் பாத்து 75க்குள்ள இருந்தா ஏத்துக்கறார்.

இப்ப ஒவ்வொருத்தரா திருட விடுவோம்.

பாப் திருடன்னு வைங்க. ஆலிஸ் அனுப்பாத 1ங்கற செய்தியை ஆலிஸ் பேர்ல தயாரிச்சு சார்லிகிட்ட நீட்டணும். 1க்கான சார்லி வரிசையில பாதி பாப்புக்குத் தெரியும், சார்லியே குடுத்தது. ஆனா சார்லி தன்கிட்டயே வெச்சுக்கிட்ட 500 பிட் பாப்புக்குத் தெரியாது, குத்துமதிப்பா எழுதினா பாதிக்குப் பாதி தப்பாகும், கிட்டத்தட்ட 250 தப்பு. லிமிட் 75. மாட்டிக்குவார்.

ஆலிஸ் திருடின்னு வைங்க. அவங்களுக்கு வேண்டியது பாப் ஏத்துக்கணும், சார்லி மறுக்கணும், அப்பதான் நாளைக்கு நான் அனுப்பலையேன்னு சொல்ல முடியும். அதுக்கு வேணும்னே சில பிட்டை மாத்தி அனுப்பறாங்க. சார்லி வரிசையில 100 இடத்துல தப்பு பண்ணா, அது சார்லி கையில மட்டும் மாட்டாது, பாதி பாப் கைக்குப் போயிருக்கே, ஆக ரெண்டு பேருக்கும் சுமார் ஐம்பது ஐம்பதா விழும், பாப் லிமிட் 25ங்கறதால பாப்பே தூக்கி எறிஞ்சிடுவார். எந்த பிட் யார்கிட்டன்னு தெரியாததால ஆலிஸால தப்பை ஒரு பக்கமா குமிக்க முடியாது.

இங்க ஒரு கேள்வி வரும், வரணும்: ரெண்டு பேருக்கும் எதுக்கு வேற வேற லிமிட்? ரெண்டு பேருக்குமே 25தான்னு வெச்சுப் பாருங்க (ஃபைபர் எரரை ஒரு நிமிஷம் மறந்துடலாம்). ஆலிஸ் சார்லி வரிசையில சரியா 51 இடத்துல தப்பு பண்றாங்க. அந்த 51 ரெண்டு பேருக்கும் எப்படிப் பிரிஞ்சாலும் ஒருத்தருக்கு 25 இல்லேன்னா அதுக்குக் கீழ, இன்னொருத்தருக்கு 26 இல்லேன்னா அதுக்கு மேல, வேற வழியே கிடையாது. அதாவது பூவா தலையா போட்ட மாதிரி, ரெண்டுல ஒரு தடவை பாப் ஏத்துக்குவார், சார்லி மறுத்துடுவார். மொத்த அமைப்பும் காலி! ஆனா சார்லி லிமிட்டை 75க்கு ஏத்தின உடனே, ஆலிஸுக்கு 101 தப்பு பண்ணி அதுல 25க்கு மேல பாப் பக்கம் போகாம இருக்கணும், குறைஞ்சது 76 சார்லி பக்கம் விழணும். பத்து லட்சம் தடவை முயற்சி பண்ணாலும் ஒரு தடவை நடக்கறதே சந்தேகம். வரிசையை 1000ல இருந்து இன்னும் நீட்டினா அந்த வாய்ப்பும் மடமடன்னு கரைஞ்சு போகுது. 25க்கும் 75க்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளிதான் ஆலிஸை நான் இல்லைன்னு சொல்ல விடாம பிடிச்சு வெச்சிருக்கு. முதல் தடவை இது எனக்குப் புரிஞ்சப்போ ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரல, அவ்வளவு எளிமையா இருக்கேன்னு.

கேள்வி: ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் நான். பிட், பாதி, லிமிட் என்று எல்லாம் சொல்கிறார்கள். இதில் குவாண்டம் எங்கே இருக்கிறது?
(ஒரு வாசகர், மயிலாடுதுறை)

பதில்: நல்ல இடத்துல பிடிச்சீங்க சார். குவாண்டம் வேலை செய்யற இடம் அந்த வரிசையைக் குடுக்கற கட்டத்துலதான். ஃபோட்டானை ரெண்டு வகையான திசையில ஏதாவது ஒண்ணுல தயாரிச்சு அனுப்பறாங்க, நடுவுல ஒட்டுக் கேக்கறவங்களுக்கு எந்த வகைன்னு தெரியாது, தப்பான வகையில அளந்தா நிலை கலைஞ்சிடும், நகல் எடுத்து வெச்சுக்கவும் முடியாது. தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாதுன்னு 1982ல நிரூபிச்சதை நீங்க வகுப்புல சொல்லியே இருப்பீங்க. ஆக பாப்பு கையில இருக்கற வரிசை, ஒட்டுக் கேட்டவர் கையில இருக்கறதை விட ஆலிஸோடதுக்கு நெருக்கமா இருக்கும்னு இயற்கையே உத்தரவாதம் தருது. கையெழுத்துக்கு அது போதும்.

போதும்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ரகசிய கீ தயாரிக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரு பிட் கூட மாறாம இருக்கணும், அதுக்காக எரரைத் திருத்தி, அப்புறம் வெளிய கசிஞ்ச தகவலைப் பிழிஞ்சு எடுத்து, வரிசையைச் சுருக்கி, பெரிய வேலை. கையெழுத்துல அந்த ரெண்டு வேலையும் தேவையில்லை, தப்பு எத்தனைன்னு எண்ணத்தானே போறோம், கொஞ்சம் தப்போடயே இருந்துட்டுப் போகட்டும். 2016ல அமிரி, வால்டன், கென்ட், ஆண்டர்சன் நாலு பேரும் சேந்து காட்டினது இதுதான், ரகசிய கீ எடுக்கவே முடியாத அளவுக்கு இரைச்சல் இருக்கற லைன்ல கூட கையெழுத்துக்கான வரிசையை உண்டாக்கிக்கலாம்னு.

ஆரம்பத்துல இது இப்படி இல்லை சார். 2001ல காட்ஸ்மேனும் சுவாங்கும் முதல் யோசனையைச் சொன்னப்போ, ஆலிஸ் தன்னோட ரகசிய எண்ணுக்கு ஏத்த மாதிரி குவாண்டம் நிலைகளையே தயாரிச்சு எல்லாருக்கும் பொதுச் சாவியா குடுப்பாங்க, ஒரு சில க்யூபிட்ல (குவாண்டம் பிட்) இருந்து அந்த க்யூபிட் எண்ணிக்கைக்கு மேல பிட் தகவல் எடுக்க முடியாதுங்கற ஹோலெவோ வரம்பு இருக்கறதால, எத்தனை நகல் குடுக்கலாம்னு கணக்கு வெச்சுக்கிட்டா ரகசிய எண் வெளிய வராது. அழகான யோசனை. ஆனா கையெழுத்து வர்ற வரைக்கும் எல்லாரும் அந்தக் குவாண்டம் நிலையைக் கலையாம வெச்சிருக்கணும், வாரமோ மாசமோ. அந்த மாதிரி மெமரி அன்னிக்கு இல்லை, இன்னிக்கும் அந்த அளவுக்கு இல்லை.

அதுல இருந்து வெளிய வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 2012ல எடின்பரோ ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்துல லேசர் ஒளி அலையோட கட்டத்தை (ஃபேஸ், டிகிரியில அளக்கறது) மாத்தி மாத்தி முதல் செய்முறை பண்ணிக் காட்டினாங்க. 2014ல மெமரியே வேண்டாம்னு வந்துட்டாங்க. எப்படின்னா, வந்த ஒளியை வெச்சுக்காம உடனே அளந்துடறது. ஆலிஸ் அனுப்பறது நாலு நிலையில ஒண்ணு, 0, 90, 180, 270 டிகிரின்னு வைங்க. மங்கலான ஒளி, அதனால பாப் அளந்தா எது வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா எது வரலைன்னு பல நேரம் உறுதியா சொல்ல முடியும்! ஒரு டிடெக்டர் அடிச்சா, இது 180 கிடையாதுன்னு நோட்டுல எழுதிக்கறார், அவ்வளவுதான். பின்னாடி ஆலிஸ் அந்த இடத்துக்கு 180ன்னு சொன்னா அங்க ஒரு தப்பு எண்ணிக்கறார். குவாண்டம் நிலை போயே போச்சு, சாதாரண காகிதக் குறிப்புதான் மிச்சம், ஆனா அந்தக் குறிப்புல என்ன இருக்குன்னு ஆலிஸுக்கே தெரியாது, அனுப்பினது அவங்கதான்னாலும்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். தினமும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனைச் சொருகி கஸ்டமர் ரிட்டர்னுக்கு கையெழுத்து போடறேன். குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா இதெல்லாம் செல்லாதா? எங்க டோக்கனை மாத்தச் சொல்வாங்களா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: நீங்க போடற கையெழுத்துக்கு 2000ல வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் குடுத்திருக்கு, அது அப்படியே இருக்கும், மாறப் போறது உள்ள ஓடற கணக்கு. இன்னிக்கு டோக்கன்ல இருக்கறது ஆர்எஸ்ஏ இல்லேன்னா எலிப்டிக் கர்வ் வகை. பெரிய எண்ணைக் காரணிகளாப் பிரிக்கறது கஷ்டம்ங்கற நம்பிக்கையில நிக்கறது ஆர்எஸ்ஏ, 1994ல பீட்டர் ஷோர் அந்த நம்பிக்கையைக் கலைச்சார், போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் இருந்தா ரெண்டு வகையும் உடையும்னு காட்டிட்டார். அவ்வளவு பெரிய மெஷின் இன்னும் வரல.

கையெழுத்து விஷயத்துல ஒரு ஆறுதலும் ஒரு கவலையும் இருக்கு. ரகசியமா அனுப்பின டேட்டாவை இன்னிக்கே பிடிச்சு வெச்சுட்டு பத்து வருஷம் கழிச்சு உடைக்கலாம், கையெழுத்துல அந்தத் திருட்டு இல்லை, உங்க டோக்கன் ஒண்ணுல இருந்து மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும், போன வருஷ ரிட்டர்னுக்கு புதுசா கையெழுத்து போட்டு யாருக்கும் லாபம் இல்லை. கவலை எதுலன்னா, முப்பது நாற்பது வருஷம் நிக்க வேண்டிய பத்திரங்கள்ல. உயில், சொத்து ஒப்பந்தம், கடன் உறுதி. பழைய சாவியை உடைச்சுட்டா பழைய தேதி போட்டு புது பத்திரம் தயாரிக்கலாம்.

அதுக்கான பதில் உங்களுக்குக் குவாண்டம் கையெழுத்து இல்லை, இதை ஒளிக்காம சொல்லிடறேன். அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2024 ஆகஸ்ட்ல புது கணித முறையில ரெண்டு கையெழுத்துத் தரங்களை வெளியிட்டுடுச்சு, எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏன்னு பேரு. சாதாரண கம்ப்யூட்டர்லயே ஓடும், குவாண்டம் மெஷினாலயும் உடைக்க வழி தெரியாது. உங்க டோக்கன் மாதிரியான எடத்துக்கு வரப் போறது அந்த ரகம்தான். காரணம் ரொம்ப நடைமுறையானது, நீங்க கையெழுத்து போட்ட பிடிஎஃப்பை முன்னப் பின்ன தெரியாத ஒருத்தர் எந்த ஊர்ல இருந்தும் தன் லேப்டாப்ல சரிபாக்கலாம். குவாண்டம் கையெழுத்தை அப்படி யாரும் சரிபாக்க முடியாது, முன்கூட்டியே ஃபோட்டான் வாங்கி பாதி பாதி மாத்திக்கிட்ட கூட்டத்துக்குள்ள இருக்கறவங்க மட்டும்தான் பாக்க முடியும்.

அப்ப இது யாருக்குன்னா, ஆள் எண்ணிக்கை குறைவு, ஒருத்தரை ஒருத்தர் தெரியும், ஆனா முழுசா நம்ப முடியாது, கணிதம் என்னிக்காவது உடைஞ்சா தாங்க முடியாத இழப்பு, அந்த மாதிரி எடத்துக்கு. வங்கிகளுக்குள்ள பெரிய தொகை மாத்தறது, அரசாங்கங்களுக்குள்ள ஒப்பந்தம். எந்தக் கணக்கு கஷ்டம்ங்கற நம்பிக்கையிலயும் இது நிக்கல, யாருக்கு என்ன தெரியாதுங்கறதுல நிக்குது. அதனாலதான் இதை விட்டுடக் கூடாதுன்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: மூணு பேருக்குப் பதிலா பத்து பேர் இருந்தா? பாப்பும் சார்லியும் கூட்டு சேந்துட்டா?
(பொறியியல் கல்லூரி ஆசிரியை, மதுரை)

பதில்: ரெண்டாவதை முதல்ல சொல்லிடறேன் மேடம், கூட்டு சேந்துட்டா போச்சு. மூணு பேர் இருக்கற அமைப்புல ஒருத்தர் மட்டும் திருடனா இருக்கலாம், ரெண்டு பேர் சேந்து மூணாவது ஆளை ஏமாத்தினா எண்ணிக்கை பேசும், அதுக்குத் தீர்வு கிடையாது. தகராறு வந்தா பெரும்பான்மை வாக்குதான்.

பத்து பேருக்கு விரிக்கறதை 2016ல அர்ராசோலா, வால்டன், ஆண்டர்சன் மூணு பேரும் ஒழுங்கா எழுதி வெச்சாங்க. பாப்புக்கு 25, சார்லிக்கு 75ன்னு மேல பாத்தோமே, அதையே படிக்கட்டு மாதிரி நீட்டுங்க. கையெழுத்து முதல் கைக்கு வரும்போது ரொம்பக் கறாரான படி, அடுத்த கைக்குக் கொஞ்சம் தளர்வான படி, அதுக்கு அடுத்ததுக்கு இன்னும் தளர்வு, இப்படி ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் ஒரு படி இறங்குது. அதனால ஒரு கையெழுத்து எத்தனை கை மாறலாம்னு முன்கூட்டியே முடிவு பண்ணிக்கணும், படி தீர்ந்துட்டா அதுக்கு மேல அனுப்பறதுல அர்த்தமில்லை. காகிதத்துல போட்ட கையெழுத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, நூறு கை மாறினாலும் அதே மைதான்.

இன்னொரு செலவு, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல ரகசிய லைன் வேணும், பாதி பாதி மாத்திக்கணுமே. மூணு பேருக்கு 3 ஜோடி, பத்து பேருக்கு 45 ஜோடி, நூறு பேருக்கு 4950. ஊருக்கே விரிக்க முடியாதுன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா கையெழுத்து ஏன் பல பேர் இருக்கற எடத்துல இவ்வளவு முக்கியம்னு ஒரு பழைய கணக்கு உண்டு. 1980ல பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் நிரூபிச்சது: மூணு பேர்ல ஒருத்தர் துரோகின்னா, வாய் வார்த்தையா மட்டும் பேசிக்கிட்டு மத்த ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரவே முடியாது. அவர் இப்படிச் சொன்னாருன்னு நீங்க சொல்றீங்க, என்கிட்ட வேற மாதிரி சொன்னார், பொய் சொல்றது அவரா நீங்களா, எனக்குத் தெரிய வழியில்லை. கையெழுத்தோட பேச ஆரம்பிச்சாங்கன்னா அதே மூணு பேரால முடியும், அவர் போட்ட கையெழுத்தை அப்படியே நீட்டிடலாமே.

கேள்வி: ஒரு பிட்டுக்கே இத்தனை ஆயிரம் பிட் செலவுன்னா ஒரு பிடிஎஃப்புக்கு என்ன ஆகும்? நான் சாஃப்ட்வேர் ஆளு, எனக்கு இது ஒர்க் அவுட் ஆகற மாதிரி தெரியல.
(ஒரு வாசகர், பெங்களூரு)

பதில்: பல வருஷம் எல்லாரும் தடுமாறின இடம் இது. ஒரு எம்பி ஃபைல்னா 80 லட்சம் பிட், ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனி கையெழுத்துன்னா நடக்கற காரியமா?

2023ல சீனாவோட நான்ஜிங் பல்கலைக்கழகத்து குழு வேற பாதையில போனாங்க, முழு ஃபைலையும் ஹேஷ் பண்ணி, அதாவது ஒரு சின்ன எண்ணா சுருக்கி, அதுக்கு மட்டும் கையெழுத்து. கேக்க சாதாரணமா இருக்கும், ஹேஷ் நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு, ஆனா இங்க ஹேஷ் ஃபங்ஷனையே ஒவ்வொரு தடவையும் ரகசிய கீயில இருந்து புதுசா உண்டாக்கி ஒரே தடவை பயன்படுத்திட்டுத் தூக்கிப் போட்டுடறாங்க, அதனால ஒரே ஹேஷ் வர்ற ரெண்டு ஃபைலை முன்கூட்டியே தேடி வைக்க வாய்ப்பே இல்லை.

கீ பங்கீடும் அழகு. பாப் கையில ஒரு கீ, சார்லி கையில ஒரு கீ, ஆலிஸ் கையில இருக்கறது அந்த ரெண்டையும் எக்ஸார் பண்ணினது (ரெண்டு பிட்டும் ஒரே மாதிரி இருந்தா 0, வேற வேறயா இருந்தா 1). ஆலிஸ் தன் கீயை வெச்சு ஃபைலுக்கு ஹேஷ் போட்டு, அதையும் மறைச்சு பாப்புக்கு அனுப்பறாங்க. பாப்பால தனியா எதுவும் சரிபாக்க முடியாது, பாதி சாவிதானே கையில. அதனால ஃபைல், கையெழுத்து, தன் கீ மூணையும் சார்லிகிட்ட குடுக்கறார், குடுத்த பிறகுதான் சார்லி தன் கீயை பாப்புக்குத் தர்றார். ரெண்டு பேரும் எக்ஸார் பண்ணி ஆலிஸ் கீயை எடுத்து சரிபாக்கறாங்க. இந்த வரிசை மாறக்கூடாது பாருங்க. சார்லி கீ முதல்லயே பாப் கைக்கு வந்துட்டா பாப்பே ஆலிஸ் ஆயிடலாம், ஃபைலை மாத்தி புது கையெழுத்து போட்டுடலாம். ஃபைலை சார்லிகிட்ட ஒப்படைச்ச பிறகு கீ வந்தா, அதுக்கு மேல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆலிஸும் பல்டி அடிக்க முடியாது, பாப்பும் சார்லியும் எடுக்கறது ஒரே கீ, பாக்கறது ஒரே ஃபைல், ஒருத்தருக்குச் சரின்னா இன்னொருத்தருக்கும் சரி. நீங்க புரோட்டோகால் எழுதற ஆளுன்னா இந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் உக்காந்து வரைஞ்சு பாருங்க, ரொம்ப ரசிப்பீங்க.

கேள்வி: லேப்ல மட்டும்தானா, வெளியில எங்கயாவது ஓடியிருக்கா? நம்ம ஊர்ல?
(பிளஸ் டூ மாணவி)

பதில்: ஆமா, ஓடியிருக்கு. 2016ல வெளிவந்த ஒரு சோதனையில டோக்கியோவுல ஏற்கனவே புதைச்சிருந்த ஃபைபர்ல 90 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பிக் காட்டினாங்க, ரகசிய கீக்குன்னு வெச்சிருந்த அதே கருவிகளை வெச்சு. அதுதான் பெரிய நிம்மதி, தனியா புது மெஷின் வேண்டாம், கீ நெட்வொர்க் போட்டா கையெழுத்துக்கும் பாதை போட்ட மாதிரி. இந்தியாவுல 2023 ஏப்ரல்ல தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க, ஊர்களுக்கு நடுவுல 2000 கிலோமீட்டர் வரைக்கும் குவாண்டம் கீ லைன் போடறது அதோட இலக்குல ஒண்ணு, குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸ்லதான் இருக்கு. நீங்க படிச்சு முடிச்சு வெளிய வர்றப்போ இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும், இயற்பியலை விட்டுடாதீங்க.

கேள்வி: ஆலிஸ்தான் ஆலிஸ்னு முதல்ல எப்படித் தெரியும்?
(ஒரு வாசகர், பாண்டிச்சேரி)

பதில்: குவாண்டத்தால தெரியாது. முதல் தடவை நேர்ல பாத்து ஒரு சின்ன ரகசியத்தைக் கையில குடுத்துக்கணும், இல்லேன்னா நம்பற ஒருத்தர் நடுவுல நின்னு அறிமுகப்படுத்தணும். அந்தச் சின்ன ரகசியத்தை வெச்சுத்தான் பின்னாடி பேசறதுக்கெல்லாம் வெக்மன், கார்ட்டர் முத்திரை போடறாங்க.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரி 0க்கு ஒரு செட், 1க்கு ஒரு செட் தயார் பண்ணி, 0ன்னு அனுப்பியாச்சுன்னா, மிச்சம் இருக்கற 1க்கான செட்டை அடுத்த மெசேஜுக்கு வெச்சுக்கலாமா? வீணாகுதே.
(பி.எஸ்சி. மாணவரே மறுபடியும்)

பதில்: வெச்சுக்கக் கூடாது தம்பி. அது உயிரோட இருக்கற வரைக்கும் ஆலிஸ் அதே விஷயத்துக்கு 1ன்னும் ஒரு கையெழுத்து போட முடியும், பாப்கிட்ட 0, சார்லிகிட்ட 1, ரெண்டுமே செல்லும். அதனால 0 போன உடனே மூணு பேரும் 1க்கான வரிசையையும் சேத்து அழிச்சிடணும், அடுத்த பிட்டுக்கு மறுபடியும் முதல் ஃபோட்டான்ல இருந்து.